வியப்புச் செய்திகள்

நண்பர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் அங்கே பேச்சுக்குப் பஞ்சம் இராது. ஊர்ச் செய்தி, தேர்வு, ஆட்டம், உணவு என்று அது பல திசையிலும் ஓடும். அவ்வாறு ஓடுகின்ற பேச்சின் நடுவே ஒருவன், "பேய்க்கணவாய்க்கு எத்தனை இதயம் தெரியுமா?" என்று கேட்கிறான் எனக் கொள்வோம். உடனே மற்றப் பேச்செல்லாம் நின்றுவிடும். "ஒன்றுதான், இதில் என்ன கேள்வி?" என்பான் ஒருவன். "அதற்கு இதயமே இராது" என்பான் மற்றொருவன். "மூன்று" என்று கேட்டவனே விடை கூறியதும், முதலில் சிரிப்பும், அதன்பின் ஐயமும், இறுதியில் வியப்பும் அக்கூட்டத்தில் எழும். அன்று மாலையே அச்செய்தி நான்கு வீடுகளுக்குள் நுழைந்துவிடும். பத்துமுறை படித்தும் மறந்துபோகும் செய்திகள் உள்ளன; நண்பன் ஒருமுறை சொல்ல, ஆயுள் முழுதும் நெஞ்சில் நிற்கும் செய்திகளும் உள்ளன.

தமிழ் மக்களுக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. விடுகதை போட்டு விடை கேட்பது திண்ணைகளிலும் களத்துமேட்டிலும் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் பொழுதுபோக்கு. தொல்காப்பியர் இதனைப் பிசி என்னும் பெயரால் செய்யுளியலிலேயே குறித்துள்ளார். ஆயினும் விடுகதைக்கும் வியப்புச் செய்திக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விடுகதையின் விடை, அதனைப் புனைந்தவன் கையில் இருக்கிறது. அவன் எதை எண்ணிப் புனைந்தானோ அதுவே விடை. வியப்புச் செய்தியின் விடையோ உலகத்தின் கையில் இருக்கிறது. சொல்பவன் மூன்று என்றதனால் மூன்றாகிவிடாது. கடலில் வாழும் பேய்க்கணவாயின் உடலுக்குள்ளேயும் அது மூன்றாக இருத்தல் வேண்டும். ஆதலின், விடுகதை போடுவோனுக்கு இல்லாத ஒரு பொறுப்பு வியப்புச் செய்தி கூறுவோனுக்கு வந்து சேர்கிறது.

பேய்க்கணவாய் என்று தமிழகக் கடற்கரையில் மீனவர் கூறும் உயிரைப் பிறர் ஆக்டோபசு என்பர். அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி. அதன் உடலில் இரண்டு செவுள்கள் உள்ளன. செவுள் ஒவ்வொன்றினூடும் குருதியைச் செலுத்துவதற்கென ஒவ்வோர் இதயம் உண்டு. அங்கே உயிர்க்காற்றைப் பெற்ற குருதியை உடலெங்கும் அனுப்புவது மூன்றாம் இதயத்தின் வேலை. அக்குருதியின் நிறமும் சிவப்பன்று, நீலம். மனிதக் குருதியில் உயிர்க்காற்றைச் சுமப்பது இரும்பைக் கொண்ட பொருள். பேய்க்கணவாயின் குருதியில் அப்பணியைச் செய்வது செம்பைக் கொண்ட பொருள். அது நீந்தும்போது மூன்றாம் இதயம் துடிப்பதை நிறுத்திவிடும். அதனால் விரைவில் களைத்துப்போகும் அவ்வுயிர், இயன்ற மட்டும் நீந்தாமல் தரையில் ஊர்ந்து செல்வதையே விரும்புகிறது. மூன்று என்ற எண்ணோடு நின்றுவிட்ட நண்பன் பாதிச் சுவையைத்தான் பரிமாறினான். ஊர்ந்து செல்வதன் காரணத்தையும் சேர்த்துச் சொன்னவனே விருந்தை முழுமையாக இட்டவன்.

சில செய்திகளில் ஒரே ஒரு சொல்லால் உண்மை தலைகீழாகிவிடும். வெள்ளி என்னும் கோளில் ஓர் ஆண்டைவிட ஒரு நாள் நீண்டது என்று கூறுவர். கேட்பதற்கு இது பித்தன் பேச்சுப்போலத் தோன்றும். வெள்ளி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 225 நாட்கள் ஆகும். தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாட்கள் ஆகும். எனவே செய்தி உண்மையே. ஆனால், நாள் என்பதற்கு, ஞாயிறு ஒருமுறை தோன்றியதிலிருந்து மறுமுறை தோன்றும் வரையுள்ள காலம் என்று பொருள் கொண்டால் கணக்கு மாறிவிடும். வெள்ளி ஏனைய பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அதனால் அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே செல்வது ஏறத்தாழ 117 நாட்களே. நாள் என்னும் சிறு சொல்லுக்கு எப்பொருள் என்று கேட்ட நண்பனை, விளையாட்டைக் கெடுத்தவன் என்று எவரும் சினந்துகொள்ளலாகாது. விளையாட்டில் அவனே முதல் இடம் பெறுபவன்.

இத்தகைய செய்திகளைத் திரட்டி, உலகத்தாருக்கெல்லாம் ஒரு நண்பனைப்போல எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்டு பெரும்புகழ் பெற்றவர் அமெரிக்க நாட்டினராகிய இராபர்ட் ரிப்ளி. அவர் நியூயார்க் நகரில் குளோப் என்னும் செய்தித்தாளில் விளையாட்டுப் படங்கள் வரைந்துவந்தார். 1918 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு நாள், விளையாட்டு வீரர் சிலர் செய்த விந்தைச் செயல்களைத் தொகுத்து ஒரே படமாக வரைந்து வெளியிட்டார். படிப்போர் அதனை மிகவும் விரும்பினர். பின்னர், 'நம்பினால் நம்புங்கள்' என்று பொருள்படும் தலைப்போடு அப்படங்கள் தொடர்ந்து வந்தன. நாளடைவில் பல நாட்டுச் செய்தித்தாள்களிலும் அவை இடம்பெற்றன.

ரிப்ளி வெளியிட்ட செய்திகளுள் பெரும்பூசலை விளைத்தது ஒன்று உண்டு. 1927 ஆம் ஆண்டு மே மாதத்தில் சார்லசு லிண்ட்பர்க் என்னும் இளைஞர் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பாரிசு நகரில் இறங்கினார். 33 மணி நேரத்திற்கும் மேலாக அவர் ஆகாய விமானத்தைத் தனியே செலுத்திச் சென்றார். அமெரிக்க மக்கள் அவரைத் தெய்வம்போலக் கொண்டாடினர். அந்நிலையில் ரிப்ளி, அட்லாண்டிக்கை நிற்காமல் பறந்து கடந்தவர்களுள் லிண்ட்பர்க் 67 ஆவது மனிதர் என்று ஒரு படம் வரைந்து வெளியிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயிரக்கணக்கான கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. அவரைப் பொய்யர் என்று ஏசியவர் பலர்.

ரிப்ளி கலங்கவில்லை. கணக்கை எடுத்து வைத்தார். 1919 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரௌன் என்னும் இருவர் நியூபவுண்டுலாந்திலிருந்து அயர்லாந்துக்கு விமானத்தில் பறந்து சென்றனர். அதற்கு அடுத்த மாதமே, ஆர் 34 என்னும் பிரித்தானிய வான்கப்பல் ஸ்காத்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு 31 பேருடன் பறந்து வந்தது. அவர்களுள் ஒருவர் எவரும் அறியாமல் கப்பலுக்குள் ஒளிந்திருந்து உடன்வந்தவர்! 1924 ஆம் ஆண்டில் செருமனியில் கட்டப்பெற்ற மற்றொரு வான்கப்பல் 33 பேரைச் சுமந்து அமெரிக்காவில் இறங்கியது. 2, 31, 33 ஆகியவற்றைக் கூட்டினால் 66. எனவே லிண்ட்பர்க் 67 ஆவது மனிதரே. மக்கள் நெஞ்சில் பதிந்திருந்தது 'முதலில் பறந்தவர்' என்பது. 'தனியாக முதலில் பறந்தவர்' என்பதே முழு உண்மை. 'தனியாக' என்ற ஒரு சொல்லை மக்கள் நழுவவிட்டனர். அதைப் பிடித்துக்கொண்டார் ரிப்ளி. லிண்ட்பர்க்கின் புகழ் இதனால் அணுவளவும் குறையவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஒரு வியப்புச் செய்தி நாட்டின் சட்டத்தையே அசைத்ததும் உண்டு. 1929 ஆம் ஆண்டு நவம்பரில் ரிப்ளி, அமெரிக்க நாட்டுக்கென ஒரு நாட்டுப்பண் இல்லை என்று எழுதினார். படித்தவர்கள் நகைத்தனர். படையினரும் பொதுமக்களும் விழாத்தோறும் எழுந்துநின்று பாடும் பாட்டு ஒன்று இருக்கிறதே என்றனர். பாட்டு இருந்தது உண்மை. அதனை நாட்டுப்பண் என்று விதிக்கும் சட்டம் இல்லை என்பதும் உண்மை. அதற்காக முன்னமே முயன்று வந்தோர் சிலர் இருந்தனர். இச்செய்தி அவர்கள் முயற்சிக்குப் பெருவலிமை தந்தது. 1931 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஊவர் கையெழுத்திட, அப்பாடல் சட்டப்படி நாட்டுப்பண் ஆயிற்று.

இச்செய்திகளையெல்லாம் ரிப்ளி ஒருவரே தேடினார் என்று எண்ணுதல் தவறு. அவருக்குப் பின்னால் நார்பர்ட் பெர்ல்ராத் என்னும் பன்மொழி அறிஞர் ஒருவர் இருந்தார். 1923 ஆம் ஆண்டு முதல் 1975 ஆம் ஆண்டு வரை நியூயார்க் பொதுநூலகத்தில் நாள்தோறும் அமர்ந்து, பழைய நூல்களைப் புரட்டிப் புரட்டி, அரிய செய்திகளைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் அவரே. ரிப்ளி 1949 இல் மறைந்த பின்னும் அவர் பணி நிற்கவில்லை. உலகம் ஊர் ஊராகச் சுற்றிப் புகழடைந்தவர் ஒருவர். ஒரே நாற்காலியில் அமர்ந்து உழைத்தவர் மற்றொருவர். கிணறு வெட்டியவனை விட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தவனையே வாழ்த்துவது உலக இயற்கை போலும்.

ஆனால், இத்துணை விழிப்புடையவர்களும் வழுக்கி விழுந்த இடம் உண்டு. சீனப் பெருஞ்சுவரைச் சந்திரனிலிருந்து கண்ணால் காண முடியும் என்பது உலகெங்கும் நண்பர்கள் பரிமாறிக்கொண்ட செய்தி. 1932 ஆம் ஆண்டில் ரிப்ளியின் படமும் அதனைக் கூறியது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1754 ஆம் ஆண்டில், ஸ்டக்லி என்னும் ஆங்கிலேயர் அத்தகைய கருத்தை ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். சந்திரனில் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்தது 1969 ஆம் ஆண்டில். அதற்கு முன், அங்கே சென்று பார்த்து வந்தவர் எவர்? பார்த்தவர் ஒருவரும் இல்லாமலே, பார்க்கலாம் என்ற செய்தி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றி வந்தது.

இதன் உண்மையை அறியச் சந்திரனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். அச்சுவர் மிக நீண்டது. ஆனால் அகலம் குறைந்தது. அதன் அகலத்தை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சந்திரனின் தொலைவு ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர். அத்தொலைவிலிருந்து அந்த அகலத்தைக் காண்பது, ஒரு தலைமயிரை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்து வைத்துக் காண்பதற்கு ஒப்பாகும். நீளம் மிகுதியாயிற்றே என்று சொல்லிப் பயனில்லை. நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மயிர் எத்துணை நீளமாயிருப்பினும் கண்ணுக்குத் தோன்றாது. 2003 ஆம் ஆண்டு அக்டோபரில் யாங் லிவே என்னும் சீன வீரர் விண்வெளிக்குச் சென்றார். அவர் சென்றது சந்திரனுக்கன்று. புவிக்குமேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்திற்கே. திரும்பிவந்த அவரிடம் தம் நாட்டுச் சுவரைக் கண்டீரா என்று கேட்டனர். காணவில்லை என்று அவர் ஒளிக்காமல் கூறினார். சீன நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூல் ஒன்றிலேயே அக்கூற்று இடம்பெற்றிருந்ததால், அதனைத் திருத்தும் பேச்சு 2004 ஆம் ஆண்டில் எழுந்தது. பாடநூலில் அச்சேறிவிட்டது என்பதும் ஒரு செய்திக்குப் போதிய சான்றாகாது. இந்தப் பாடநூலுக்கும் அது பொருந்தும்.

நண்பர்களுக்கிடையே எழும் இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே பிறந்த நூல் ஒன்றும் உண்டு. அது பிறந்த கதை சுவையானது. 1951 ஆம் ஆண்டு நவம்பரில் அயர்லாந்து நாட்டின் வெக்சுபோர்டு வட்டாரத்தில், சிலேனி ஆற்றின் அருகே சிலர் பறவை வேட்டைக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் சர் ஹியூ பீவர். கின்னசு என்னும் மதுவடிசாலையின் நிர்வாக இயக்குநர் அவர். பொன்னிற உப்புக்கொத்தியைக் குறிவைத்து அவர் சுட்டார், குறி தப்பியது. குறி தப்பிய வேட்டைக்காரர் பறவையின் விரைவைப் பழிப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. ஐரோப்பாவில் வேட்டையாடப்பெறும் பறவைகளுள் மிக விரைந்து பறப்பது உப்புக்கொத்தியா, குரௌசு என்னும் காட்டுக்கோழி இனமா என்று அன்று மாலை விருந்தின்போது வாதம் எழுந்தது. அந்த மாளிகையில் இருந்த நூல்களையெல்லாம் புரட்டினர். விடை கிடைக்கவில்லை.

வாதம் அன்றோடு முடிந்திருக்கலாம். பீவர் மேலும் எண்ணினார். இந்த மாளிகையில் எழுந்ததுபோன்ற வாதங்கள் நாடெங்கும் மதுச்சாலைகளில் நாள்தோறும் எழுகின்றனவே. அவற்றைத் தீர்க்கும் நூலொன்று இருப்பின் எத்துணை நன்று என்று கருதினார். ஆனால் அதனைத் தொகுக்க வல்லார் யார்? அந்த மதுவடிசாலையில் பணியாற்றிய கிறித்தபர் சட்டவே என்னும் ஓட்டப்பந்தய வீரர், தமக்குத் தெரிந்த இரட்டையர் இருவரைச் சுட்டினார். அவர்கள் நோரிசு மக்குவிர்ட்டர், இராசு மக்குவிர்ட்டர் என்போர். செய்தித்தாள்களுக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டித் தருவது அவர்கள் தொழில்.

அவர்களை நேரில் வரவழைத்துப் பேசியபோது நிகழ்ந்ததை நோரிசு பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உரையாடலின் நடுவே துருக்கி மொழியில் பெயர்ப்பது கடினம் என்னும் பேச்சு வந்ததாம். அம்மொழியில் முறைதிரியும் வினைச்சொல் ஒன்றே ஒன்றுதானே, அதில் என்ன கடினம் என்று நோரிசு கேட்டாராம். அந்தச் சொல் எது என்று பீவர் வினவ, இருத்தலைக் குறிக்கும் 'இமெக்' என்பதே அது என்று தயங்காமல் விடை வந்ததாம். வேலையும் கிடைத்தது. வா, தா என்னும் வினைகள் தமிழில் வருகிறான், வந்தான், தருகிறான், தந்தான் என்று திரிவதைக் கற்ற மாணவர், ஒரு மொழி முழுதிலும் ஒரே ஒரு வினை திரிகிறது என்னும் செய்தியின் அருமையை நன்கு உணர்வர்.

1954 ஆம் ஆண்டில் முதலில் 1000 படிகள் அச்சிட்டு விலையின்றி வழங்கினர். 1955 ஆம் ஆண்டு ஆகத்து 27 ஆம் நாள் நூலின் முதற் பதிப்புக் கட்டமைக்கப்பெற்று வெளிவந்தது. அவ்வாண்டுக் கிறித்துமசுக்குள் பிரித்தானியாவில் மிகுதியாக விற்பனையாகும் நூலாக அது விளங்கிற்று. அதுவே கின்னசு சாதனை நூல். மதுச்சாலையில் பூசல் தீர்ப்பதற்காகப் பிறந்த நூல், சில ஆண்டுகளில் பள்ளி நூலகங்களுக்குள் நுழைந்து, மாணவர் கையில் அகப்பட்டுத் தாள் கிழியும் வரை புரட்டப்பெற்றது என்பதும் ஒரு வியப்புச் செய்தியே.

எல்லாவற்றிற்கும் நூலைத் தேடி ஓட வேண்டுவதில்லை. சில செய்திகளை வகுப்பறைக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருத்தற்குரிய வாய்ப்பு, இல்லாதிருத்தற்குரிய வாய்ப்பைவிட மிகுதி. கால்பந்தாட்டத்தில் இரு அணியினர் 22 பேரும் நடுவர் ஒருவரும் சேர்ந்தால் 23 ஆயிற்று. ஆண்டுக்கு 365 நாட்கள் உள்ளனவே, 23 பேருக்குள் எங்ஙனம் ஒன்றும் என்று எவருக்கும் ஐயம் தோன்றும். அவ்வையத்திற்குக் காரணம், ஒவ்வொருவரும் தம் பிறந்தநாளையே எண்ணிக்கொண்டிருப்பதுதான். தம்மோடு ஒப்பிட 22 பேரே உளர். ஆனால் கேள்வி எவரேனும் இருவரைப் பற்றியது. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 253 இணைகள் கிடைக்கும். ஆகவேதான் வாய்ப்பு பாதியைக் கடந்து, 100 க்கு ஏறத்தாழ 51 ஆகிறது. 40 மாணவர் உள்ள வகுப்பில் அது 100 க்கு 89 ஆகிவிடும்.

இதைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். முற்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோர்க்குப் பிறந்தநாள் தெரியாவிடில், தலைமையாசிரியரே வயதை மதிப்பிட்டு மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு நாளைக் குறித்துவிடுவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. அத்தகைய பழைய பதிவேட்டைக் கொண்டு கணக்குப் பார்த்தால், ஒரே நாளில் பிறந்தவர் பலராகத் தோன்றுவர். பிறந்தது பிள்ளைகளல்லர், தலைமையாசிரியரின் பேனா முனையில் பிறந்த நாட்கள் அவை.

நண்பர்களிடையே செய்தி கூறுவதற்கும் ஒரு பண்பு உண்டு. "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று தொடங்குபவன் செய்தியைப் பகிரவில்லை, தன் தலையில் தானே மகுடம் சூட்டிக்கொள்கிறான். கேட்பவன் ஊகித்துப் பார்க்க இடம் தந்து, அவன் தவறாகச் சொன்னாலும் உடன் சிரித்து, பின்பு விடை கூறுபவனிடத்தே எவரும் மறுநாளும் தேடிவந்து அமர்வர். அவ்வாறே, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பதையும் பகையாகக் கொள்ளலாகாது. அக்கேள்வியே செய்தியை இன்னும் சில அடிகள் முன்னே நடத்திச் செல்கிறது. ஒரு மாணவி அக்கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதனால் விளைந்தது இது.

ஒரு தாளைப் பாதியாக மடித்து, அதை மீண்டும் பாதியாக மடித்துக்கொண்டே சென்றால் அதன் கனம் ஒவ்வொரு முறையும் இருமடங்காகும். தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், 10 மடிப்பில் அது ஒரு சாண் உயரத்தையும் எட்டாது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே இருக்கும். 20 மடிப்பில் 100 மீட்டரைத் தாண்டும். 30 மடிப்பில் 107 கிலோமீட்டராகும். 42 மடிப்பில் ஏறத்தாழ 4,39,800 கிலோமீட்டராகிச் சந்திரனையும் கடந்துவிடும். இது கணக்கு, ஐயமில்லாதது. ஆனால் கையால் மடித்துப் பார்ப்போர் 6 ஆம் மடிப்பிலேயே திணறுவர். அதனால், எத்துணைப் பெரிய தாளாயினும் 7 முறைக்கு மேல் அல்லது 8 முறைக்கு மேல் மடிக்க இயலாது என்னும் செய்தியும் உலகெங்கும் உடன் வழங்கி வந்தது. எவரும் அதனை மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவும் இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பிரிட்னி காலிவன் உயர்நிலைப்பள்ளி மாணவியாக இருந்தபோது, கணக்கு வகுப்பில் ஓர் அறைகூவல் வந்தது. ஏதேனும் ஒரு பொருளை 12 முறை பாதியாக மடித்துக் காட்டினால் மிகை மதிப்பெண் உண்டு என்பதே அது. அவர் முதலில் மெல்லிய பொன்தகட்டை எடுத்தார். கைவிரலால் தொட்டாலே கசங்கும் அத்தகட்டை மிகப் பொறுமையோடு 12 முறை மடித்துவிட்டார். அது தாள் அன்று. தாளை மடித்தால்தான் ஒப்புக்கொள்ளலாம் என்றனர்.

காலிவன் தாளை எடுப்பதற்கு முன் எழுதுகோலை எடுத்தார். ஏன் மடிக்க இயலவில்லை என்று ஆராய்ந்தார். மடிக்கும் இடத்தில் தாள் கூர்மையாக ஒடிவதில்லை, அரைவட்டமாக வளைகிறது. அடுக்கு மிகமிக அந்த வளைவு பெரிதாகித் தாளின் நீளத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது. மடிப்பதற்கு ஒன்றும் எஞ்சாதபோது மடிப்பு நின்றுவிடுகிறது. ஆகவே தடையாயிருப்பது மடிப்பின் எண்ணிக்கையன்று; தாளின் நீளக்குறைவே. இத்தனை கனமுள்ள தாளை இத்தனை முறை மடிக்க எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு அவர் ஒரு வாய்பாட்டையே வகுத்தார். ஒரே திசையில் மடிக்கும்போது, ஒரு மடிப்பைக் கூட்ட வேண்டுமாயின் நீளம் ஏறத்தாழ நான்கு மடங்காதல் வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும்.

அவ்வளவு நீளமான தாளுக்கு எங்கே செல்வது? கழிப்பறைகளில் பயன்படுத்தும் மெல்லிய தாட்சுருளே அவருக்குக் கைகொடுத்தது. அறிவியலுக்குத் தாழ்ந்த பொருள் என்று ஒன்றில்லை. 2002 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஏறத்தாழ 1200 மீட்டர் நீளமுள்ள அத்தாளைத் தரையில் விரித்து, உதவிக்கு வந்தவர்களோடு பல மணி நேரம் மடித்தார். 12 ஆம் மடிப்பு விழுந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக 4096 அடுக்குகள் அமைந்திருந்தன. மடித்த முறையையும் தாம் கண்ட வாய்பாட்டையும் விளக்கி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பொமோனா பள்ளத்தாக்கு வரலாற்றுக் கழகத்தார் அவ்வாண்டிலேயே அதனை வெளியிட்டனர்.